விடுகதையில் உள்ளாட்சி

ஊர்த் திருவிழாவில் பிள்ளைகளுக்கு வைக்கும் புதையல் வேட்டைக்கு ஆலமரம், குளக்கரை என்றுதான் குறிப்பு எழுதுவோம். அதை விட்டு உள்ளாட்சியையே விடுகதையாக்கிப் பெரியவர்களையும் ஓட விட்டால்? தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு எழுதிய குறிப்பு யாழ்ப்பாணத்தில் செல்லாது. அங்கே எழுதியது இங்கே குழப்பும்.

சாலையில் தொடங்கலாம். 'இந்தப் பள்ளத்துக்கு யார் பொறுப்பு?' தமிழ்நாட்டில் விடை கிலோமீட்டர் கல்லின் தலையில் இருக்கிறது. மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத தெரு பெரும்பாலும் ஊராட்சியின் தலையில்தான் விடியும். இலங்கையில் நிறத்துக்குப் பதில் எழுத்து. ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி மாகாணத்துக்கு. எழுத்து எதுவும் இல்லாத ஒழுங்கையைத் தேடிப் போனால் உள்ளூராட்சியான பிரதேச சபையின் வாசலில் நிற்போம்.

அடுத்த குறிப்பு: 'காசு வாங்குபவர் ஒருவர், புத்தகம் தருபவர் இன்னொருவர்.' தமிழ்நாட்டார் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் போதும். அதில் நூலக வரியும் இருக்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சி அதை வசூலிக்கிறது. கிளை நூலகத்தை நடத்துவதோ மாநிலப் பொது நூலகத் துறை. யாழ்ப்பாணத்தில் இந்த விடுகதை எடுபடாது. அங்கே சோலைவரி என்னும் வீட்டு வரியை வாங்கும் சபையே நூலகத்தையும் நடத்துகிறது. யாழ்ப்பாணம் பொது நூலகமே மாநகர சபையுடையதுதான்.

வேட்டையில் ஒரு பொறியும் வேண்டும். இரு நாட்டிலும் அது ஒரே இடத்தில் அமைகிறது. தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல் ஆகிய நிலப் பதிவுகளை வைத்திருக்கும் கிராம நிர்வாக அலுவலரை (விஏஓ) ஊராட்சியின் ஆள் என்று நினைத்து ஓடுபவர் தோற்பார். அவர் வருவாய்த் துறைக்காரர். இலங்கையில் வதிவிடச் சான்று தரும் கிராம அலுவலரும் அப்படியே. அவர் அரசின் பிரதேச செயலகத்தின் ஆள். வாக்குப் போட்டுத் தெரிவு செய்த பிரதேச சபைக்கு அவர் மேல் அதிகாரம் இல்லை.

'தலைவர் யார்?' என்ற எளிய குறிப்புதான் அண்மைக் காலத்தில் கடினமாகிவிட்டது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். இலங்கையிலோ 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தும் தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இடையில் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். சுவரில் பெயின்ட் அடித்த பெயரை நம்பி ஓடியவர் பரிசை இழந்திருப்பார்.

சரி, புதையலை எங்கே ஒளிப்பது? தமிழ்நாட்டில் கிராம சபையில். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் வாக்காளர் எவரும் எழுந்து வரவுசெலவைக் கேட்கலாம். இலங்கையில் வாக்காளர் எல்லாரும் உறுப்பினராகும் அப்படியொரு அவை இல்லை. சபைக் கூட்டத்தில் பேசுவது உறுப்பினர்களே. அங்கே புதையலைத் தகவல் அலுவலரின் மேசையில் வைக்கலாம். 2016ஆம் ஆண்டுத் தகவலறியும் சட்டப்படி எழுதிக் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டு ஊராட்சியின் கையில் கிளை நூலகம் இல்லை, ஆனால் ஊரார் நேருக்கு நேர் கேட்க நாள் இருக்கிறது. இலங்கைச் சபையின் கையில் நூலகம் இருக்கிறது, அந்த நாள் இல்லை. இரண்டும் ஒரே ஊரில் சேர்ந்தால் வேட்டை இன்னும் சுவைக்கும்.