தேக்கில் கட்டிய திருகோணமலை

நாட்றம்பள்ளி தொடங்கி வாணியம்பாடி, ஆம்பூர் வரை நீளும் தோல் வட்டாரத்தில், குரோம் பதனீடு வருவதற்கு முன் ஆவாரம்பட்டைக்கும் கடுக்காய்க்கும் தனி மதிப்பு. அவற்றின் துவர்ப்புதான் பச்சைத் தோலை அழுகாமல் காத்தது. ஆங்கிலேயர் அதே வேலைக்கு ஓக் பட்டையை நம்பினார்கள். ஆனால் தோலைக் காக்கும் அந்தத் துவர்ப்பு, ஓக் மரக் கப்பலில் அடித்த இரும்பை அரித்துவிடும். தேக்குக்கு அந்தக் குணம் இல்லை. அதன் எண்ணெய்ப்பசை ஆணிக்கும் நல்லது, மரத்துக்கும் நல்லது. திருகோணமலையின் பெயர் தாங்கிய ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பலை ரசிக்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். அதன் போர்க்கதைகளில் தேடினால் ஏமாற்றம்தான். நெப்போலியன் போரெல்லாம் ஓய்ந்த பின், 1817 அக்டோபர் 12 அன்று பம்பாயில் அது நீரில் இறங்கியது. மலபார்த் தேக்கு, கட்டியவர் பார்சித் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. அடிமரத்தில் வெள்ளி ஆணி அறைந்து தொடங்கிய வேலை.

இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் பாய்மரம் கழற்றி, கூரை வேய்ந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் போர்ட்ஸ்மத்தில் சும்மா கட்டிவைத்தார்கள். விக்டோரியா காலத்தில்தான் வேலை வந்தது. பின்புறத்தை மாற்றி, பீரங்கிகளை 26 ஆகக் குறைத்து, கார்வெட் எனும் சிறு வகைப் போர்க்கப்பலாக 1847இல் அனுப்பினார்கள். முதலில் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்கள்: அடிமை வணிகத்தைத் தடுக்கும் காவல். பிறகு 1852 முதல் 1857 வரை பசிபிக். கிரிமியப் போர்க்காலத்தில் ரஷ்யக் கரைப்பக்கம் ரோந்து. அவ்வளவுதான். பெரிய கடற்போர் ஒன்றும் இல்லை. போரிடாத போர்க்கப்பலில் என்ன பெருமை என்று கேட்கலாம். அது வீரத்துக்கான கேள்வி. தச்சுக்கு அளவுகோல் வேறு. அடுத்து வரும் ஆட்சேபம் கனமானது: வரைபடம் பம்பாயில் பிறந்ததல்ல, ‘லீடா’ வகை என்ற ஆங்கிலக் கடற்படை வடிவம், அதற்கும் மூலம் பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல் ஒன்று. வாடியா செய்தது நகல்தானே? இதற்குச் சரித்திரமே ஒரு சோதனை நடத்திவைத்திருக்கிறது. ஏறக்குறைய இதே வடிவத்தில், போர் அவசரத்துக்காக 1813 வாக்கில் பைன் மரத்தில் எட்டுக் கப்பல்கள் கட்டினார்கள். ஒன்றுகூடப் பத்தாண்டு தாக்குப்பிடிக்கவில்லை, எல்லாவற்றையும் உடைத்தாயிற்று. தாளில் இருந்தது ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது மரமும், அதை அவசரமில்லாமல் இழைத்த கையும்.

ஸ்காட்லாந்தின் டண்டியில் ‘யூனிகார்ன்’ இருக்கிறதே என்பார்கள். 1824இல் நீரில் இறங்கிய லீடா வகையை ஒட்டிய அந்த உறவுக்கப்பல் ஆங்கில மண்ணில் கட்டியது, இன்றும் மிதக்கிறது. உண்மை. ஆனால் அது பாய்மரமே ஏற்றாமல், கூரைக்கடியிலேயே காலம் தள்ளியது. அலையில் உடம்பு முறுக்கப்படவில்லை. டிரிங்கோமலியோ இரண்டு நெடும்பணிகளில் பெருங்கடல்களில் அலைந்தது, பயிற்சிக் கப்பலானது, 1897இல் உடைப்பவர் கைக்கே விற்கப்பட்டு வீட்லி காப் என்பவரால் மீட்கப்பட்டது, ‘ஃபுட்ராயன்ட்’ என்ற வேறு பெயரில் 1986 வரை மாணவர்களைச் சுமந்தது. பிறகு ஹார்டில்பூலில் ஆண்டுக்கணக்காகச் செப்பனிட்டபோது, கப்பலின் பாதிக்கும் மேற்பட்ட மரத்தை மாற்றத் தேவைப்படவில்லை. 1992இல் திருகோணமலையின் பெயரும் அதற்குத் திரும்பக் கிடைத்தது.