விதியின் கையும் வக்கீலின் கையும்

சுயசரிதை எழுதுகிறவர்களில் வக்கீல்களிடம் எனக்கு ஒரு தனி எதிர்பார்ப்பு உண்டு. பிறர் செய்த காரியங்களுக்கெல்லாம் காரணம் எடுத்துச் சொன்னவர்கள், தம் காரியங்களுக்கும் சொல்வார்கள் அல்லவா? சி. சுப்பிரமணியத்தின் நினைவுக் குறிப்புகள் மூன்று பாகங்களாக இங்கிலீஷில் வந்தன. தலைப்பு 'ஹேண்ட் ஆஃப் டெஸ்டினி'. விதியின் கை! எனக்கு ஏமாற்றமாயிற்று.

நான் இருப்பது திருப்பூரை ஒட்டிய மண்ணரை. அடுத்த வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். புத்தகத்தின் பெயரைக் கேட்டவர் சிரித்தார்.

"ஏனுங்க, தையல் பிரிஞ்ச பீஸ் செக்கிங்ல திரும்பி வந்தா, விதின்னு சொன்னா விடுவாங்களா? தெச்சவன்தானுங்க பதில் சொல்லோணும்."

இதைவிட நல்ல விமரிசனம் என்னால் எழுத முடியாது. விளக்கம் மட்டும் சொல்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் 1910இல் பிறந்து, கோயமுத்தூரில் வக்கீல் தொழில் நடத்தியவர் சி.எஸ். 1954இல் சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் தலைமைக்குக் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றார். தோற்றவரைக் காமராஜர் தம் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டார். அது விதியின் கை அல்ல, காமராஜரின் கை. மத்திய உணவு மந்திரியாக 1966இல் மெக்ஸிகோவிலிருந்து பதினெட்டாயிரம் டன் கோதுமை விதை தருவித்தார். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அதைச் செய்தது அவருடைய பிடிவாதம். நாடு வயிறார உண்ண அதுவும் ஒரு காரணம். இந்தப் பெருமைகளை விதிக்குத் தானம் செய்வது அடக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும்.

ஆனால் பெருமையைப் பெற்றுக்கொள்ளும் விதி, பழியையும் சுமந்துகொண்டு போய்விடுகிறதே! 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது அவர் நிதி மந்திரி. அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்தவர், வக்கீல். சிறை வைக்கப்பட்டவன் கோர்ட்டுக் கதவைத் தட்ட முடியாது என்று 1976இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்த பின்னும் அவர் நாற்காலியில் இருந்தார். அந்த இடத்தில் வாசகன் கேட்பது விதியின் வாக்குமூலத்தை அல்ல, அவருடையதை.

ராஜிநாமா அவருக்குத் தெரியாத வித்தையும் அல்ல. 1965இல் ஹிந்திக் கிளர்ச்சியின்போது அளகேசனோடு சேர்ந்து மத்திய மந்திரி பதவியை ராஜிநாமா செய்தார். சாஸ்திரியின் உறுதிமொழிக்குப் பிறகு அது வாபஸ் ஆயிற்று. 1990இல் மகாராஷ்டிரத்துக் கவர்னரானார். பிரதமர் நரசிம்ம ராவ் காரியம் நடத்தும் முறையைப் பற்றித் தனிப்பேச்சில் குறை சொன்னது பத்திரிகைகளில் வெளியாயிற்று. 1993 ஜனவரியில் பதவியை விட்டு இறங்கினார்.

1998இல் கிடைத்த பாரத ரத்னாவைவிட இந்த இறக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு விலை உண்டு என்று அறிந்து, அந்த விலையைத் தானே கொடுத்தார். அங்கே விதிக்கு வேலையே இல்லை.

தலைப்பைத் திருத்தும் உரிமை விமரிசகனுக்குக் கிடையாது. ஆயினும் அந்தப் பாகங்களைப் படிக்கிறவர்கள், 'விதி' என்று வரும் இடத்திலெல்லாம் 'நான்' என்று வைத்துப் படித்துப் பார்க்கட்டும். மனிதர் சில இடங்களில் சிறுத்துப் போவார். பல இடங்களில் இன்னும் உயர்ந்து நிற்பார்.