முசிறித் துறையும் முழுப்பாட்டும்: அகநானூறு 149 கற்பிக்கப்படும் முறை குறித்து

பண்டைத் தமிழகத்துக்கும் உரோமானியப் பேரரசுக்கும் இடையே நிகழ்ந்த வணிகத்தைப் பற்றி எழுதும் எவரும் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரின் அகப்பாடலை விட்டுச் செல்வதில்லை. யவனரின் கலங்கள் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றன என்னும் செய்தி அதில் உள்ளது. கனகசபைப் பிள்ளை 1904இல் வெளியிட்ட ஆங்கில நூல் தொடங்கி இன்றைய பயிற்றேடுகள் வரை, அச்செய்தியைத் தரும் அடிகள் மட்டுமே திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டு வருகின்றன. சிங்கப்பூரில் தமிழாசிரியர்களுக்கான ஒரு பயிலரங்கில் முழுப்பாடலையும் வாசிக்கத் தந்தபோது, அனுபவம் மிக்க ஆசிரியர் ஒருவர், "இது பிரிவுப் பாட்டா?" என்று வியந்தார். அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

பாடல் பாலைத்திணையைச் சேர்ந்தது. பொருள் தேடப் புறப்படத் தூண்டும் தன் நெஞ்சைத் தலைவன் மறுத்துரைக்கின்றான். கறையான் முயன்று எழுப்பிய செம்புற்றில் இரை தேடிச் சலித்த கரடிக் கூட்டம் இலுப்பைப் பூவைக் கவரும் நெடுவழியைக் கடந்து, பெறற்கரிய செல்வத்தை எளிதாகவே பெற்றாலும், 'வரமாட்டேன்' என்கின்றான். காரணம், அவன் போனால் தலைவியின் கண்கள் நீர் கொள்ளும். அக்கண்களுக்கு உவமை நீலமலர்ப் பிணையல். அம்மலர் பரங்குன்றத்துச் சுனையில் பூத்தது. அக்குன்றம் கூடலுக்கு மேற்கே உள்ளது. கூடல், முசிறியை முற்றுகையிட்டுப் படிமத்தைக் கைப்பற்றிய செழியனுடையது. அந்த முசிறிக்குத்தான் யவனரின் கலம் வருகின்றது.

ஆகவே, வரலாற்றாசிரியர்கள் தனியே பெயர்த்தெடுக்கும் கலம், ஓர் உவமையின் அடைமொழிகளுக்குள் பல அடுக்கு ஆழத்தில் கிடக்கின்றது. பொன்னும் மிளகும் கைமாறும் துறையைக் கண்முன் நிறுத்திவிட்டு, அத்தகைய செல்வத்தின் பொருட்டும் பிரியேன் என்று முடிவெடுப்பவனின் பாட்டு இது. செல்வத்துக்காகப் பிரிவதை மறுக்கும் பாடலை வணிகச் செழிப்பின் விளம்பரமாகப் பயன்படுத்துவது, அதன் உயிர்நிலையைத் தொடாமலேயே விட்டுவிடுவதாகும்.

இதனால் பாடலுக்குச் சான்று மதிப்பு இல்லை என்பதன்று. அடைமொழியாக இயல்பாக வந்திருப்பதே அதன் வலிமை. கேட்போர் முன்பே அறிந்திராவிடில் புலவர் அதனை விளக்காமல் கடந்திருக்க இயலாது. ஆனால் அது முசிறியின் புகழுக்குச் சான்றேயன்றி வணிகக் கணக்கேடு அன்று. கணக்கு வேறிடங்களில் உள்ளது. எகிப்தின் பெரெனிகே துறையில் ஏறத்தாழ 7.5 கிலோகிராம் மிளகுடன் இந்தியச் சாடி ஒன்று கிடைத்தது. வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு 1985இல் பதிப்பிக்கப்பட்ட பாப்பிரசு ஆவணம், எர்மாபொல்லோன் என்னும் கப்பலில் சென்ற சடாமாஞ்சியையும் யானைத் தந்தத்தையும் மதிப்பிட்டு வரி கணக்கிடுகின்றது. கோவையை அடுத்த வெள்ளலூர்ப் புதையல்களில் மிகுதியாக இருந்தவை உரோமானிய வெள்ளிக் காசுகள். பாட்டோ பொன்னை மட்டுமே சொல்கின்றது. இவ்வேறுபாட்டை மாணவர்முன் மறைக்க வேண்டியதில்லை. எனது முனைவர்ப் பட்டக் காலத்தில் இலத்தீன் கற்பித்த பேராசிரியர் ஒருவர், இலக்கியமும் காசும் ஒன்றையொன்று முற்றும் ஒத்துப்போனால்தான் ஐயுற வேண்டும் என்பார்.

மற்றொரு குறையும் உண்டு. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் அதனை உரோமானியத் தொடர்பால் எழுந்த வணிக நிலையமாகக் கண்டார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி மேற்கொண்ட மறு அகழாய்வு, அவ்வூர் அத்தொடர்புக்கு முற்பட்டது என்பதைத் தெளிவாக்கியது. எனினும் 'யவனர் வந்தனர்' என்னும் ஒற்றை வாய்பாடு வகுப்பறையை விட்டு அகலவில்லை. தமிழர் போனதைச் சொல்பவை பானை ஓடுகள். குசெயிர் அல் கதீமில் கணன், சாதன் என்னும் பெயர்களும், பெரெனிகேயில் 'கொற்ற' எனத் தொடங்கும் பெயரும் தமிழ்ப் பிராமியில் கிடைத்துள்ளன. பாட்டில் இடம்பெறாத, ஒருவேளை நெஞ்சின் சொல்லைக் கேட்டுப் புறப்பட்டுவிட்ட, மனிதர்கள் இவர்கள்.

சிங்கப்பூர் மாணவர்க்கு இன்னும் நெருக்கமான சான்று கிழக்கே உள்ளது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குவான் லுக் பட் என்னுமிடத்தில், கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு உரைகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. பெரும்பத்தன் கல் என்று தமிழ்ப் பிராமியில் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. பத்தர் என்னும் சொல் பொற்கொல்லரைக் குறித்து இன்றும் வழங்குகின்றது. கல் ஒன்று கிடைத்ததனால் அங்கே தமிழர் குடியேற்றம் இருந்தது என்று உரைப்பது மிகை. கல்லும் கைமாறக்கூடிய பொருளே. ஆயினும் உரைத்துப் பார்த்துப் பொன்னின் மாற்றைக் கண்ட ஒரு தொழிலாளியின் பெயரை, அரசர் எவரும் இடையிடாமல், அது நமக்குத் தருகின்றது.

பயிலரங்கு முடிந்த மாலையில் ஆசிரியர்கள் சிலருடன் சிராங்கூன் சாலை நகைக்கடைகளைக் கடந்து நடந்தபோது இக்கல்லைப் பற்றிச் சொன்னேன். பிரிவுப் பாட்டா என்று வியந்த ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், தம் பாட்டனார் மனைவியை ஊரில் விட்டுத் தனியே கப்பலேறி வந்தவர் என்றும், அடுத்த வாரம் வகுப்பில் கண்ணீரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கலம்வரை சென்று பாடலை நடத்திப் பார்க்கப்போவதாகவும் கூறினார்.