சிலம்பத்தின் லாகவம்

நெற்றி உயரத்திற்கு நறுக்கிய மூங்கில் கம்பொன்று கைதேர்ந்த சிலம்பக்காரரிடம் விர்ரென்று சுழல்கையில், அதன் பின்னே எத்தனை வருஷத்து அப்பியாசம் அடங்கியிருக்கிறது என்பதைப் பார்க்கிறவர்கள் மறந்தே போகிறார்கள். ஆசான்கள் பெரும்பாலும் காலடிச் சுவடுகளைத்தான் முதலில் கற்பிப்பார்கள். பாதங்கள் தாமாகவே இடம்மாறித் திரும்பப் பழகிய பிறகே கைவீச்சுக்கு மெருகேறும். புதிதாகப் பயில்பவன் கம்பை இறுகப் பற்றுவான்; அந்தப் பிடியினாலேயே மணிக்கட்டு விறைத்து, தோள் கனத்து, சுழற்சி பாதியில் தடைப்படும். தேர்ந்தவரோ விரல்களுக்குள் கம்பு புரளுமளவுக்கு மட்டும் பிடித்து, முன் வீச்சின் வேகத்தையே அடுத்த வீச்சுக்கு முதலாக்கிக்கொள்கிறார். ஆகையால் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னும் கம்பு போய் வருகையிலும் அவர் முகத்தில் பிரயாசையின் சாயலே தெரிவதில்லை. வேகத்தைக் காட்டிலும் இந்த அநாயாசமே எனக்குப் பெரிய ஆனந்தம். முறையாகச் சிலம்பம் பயின்ற எம்.ஜி.ஆர். 1963-இல் வெளிவந்த 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் கம்பு சுற்றும் காட்சியை இன்றும் நான் விரும்பிப் பார்ப்பது அதற்காகவே. எதிராளியுடன் மோதும்போதுதான் சிலம்பத்தின் பூரண சோபை வெளிப்படும்: வருகிற அடியைத் தடுத்த கம்பு அங்கே நில்லாமல், அந்த மோதலின் விசையிலேயே திரும்பி, மறுமுனையால் எதிராளியின் முழங்காலைத் தேடிப் போய்விடுகிறது.