லீலித்தும் சாக்குருவியும்

ஏசாயா 34:14இல் ஏதோமின் பாழில் தங்குவது ‘லீலித்’. அக்காடிய மொழியிலும் பெயர் வழங்கிய இராப்பேய். இதனை இலத்தீன் வல்காத்தா ‘லாமியா’ என்றது. 1545ஆம் ஆண்டு லுத்தர் பதிப்பு ‘கோபோல்ட்’ என்றது. அதுவோ ஜெர்மானியரின் வீட்டு வேலைக்கு உதவும் குட்டிச்சாத்தான், பாழுக்குப் பொருந்தாது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் ஆந்தையை எழுதி, இராப்பூதத்தை ஓரக்குறிப்பில் வைத்தது.

நம் சபைகளில் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் ‘சாக்குருவி’ என்கிறது. ஆங்கிலத்தின் நிழல் என இதனை இகழ்வோர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கீழப்பழுவூரில் இரவில் அது அலறக் கேட்டால், எவர் வீட்டில் சாவோ என்று அஞ்சுவோர் இன்றும் இருக்கின்றனர். ஆந்தை என்றால் அவ்வச்சம் எழாது. காட்டேரி என்றாலோ, கோபோல்டைப்போல் ஊர்க்கதையொன்று வேதத்துக்குள் நுழைந்துவிடும். எனினும், லீலித் பெண் என்பது இதில் மறைந்தே போயிற்று. ஓர் அடிக்குறிப்பேனும் இட்டிருக்கலாம்.