குடி மாறிய வெஸ்ட் ஹாம்

"புது ஸ்டேடியம் வேணுமா?" என்று ஒரு கால்பந்து கிளப்பில் பேச்சு எழுந்தால், முதலில் இருக்கைக் கணக்கைத்தான் காட்டுவார்கள். லண்டனின் வெஸ்ட் ஹாம் விஷயத்திலும் அதுதான் நடந்தது. 1904 முதல் ஆடிவந்த அப்டன் பார்க்கில் சுமார் 35,000 பேருக்குத்தான் இடம். 2016-இல் குடிபோன ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் இப்போது 62,500 பேர் உட்காரலாம். 99 வருஷக் குத்தகை, மலிவு வாடகை. மாற்றியமைத்த செலவில் பெரும்பகுதி பொதுப்பணம். கணக்குப் பார்த்தால் லாபம்தான்.

ஆனா அந்த இடம் 2012 ஒலிம்பிக்கின் ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டியது. கீழ்த்தட்டு இருக்கைகளைத் தடத்தின்மேல் நகர்த்திப் போட்டும் இடைவெளி முழுசா மறையவில்லை. அப்டன் பார்க்கில் த்ரோ-இன் எடுக்க வரும் எதிரணிக்காரன் காதிலேயே திட்டலாம். அந்த நெருக்கம் போச்சு. பழைய இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். திரும்பிப் போகவும் வழியில்லை.

இதே ஊரின் ஆர்சனலும் 2006-இல் ஹைபரியை விட்டு நகர்ந்தது. ஆனால் கடன் வாங்கி, கால்பந்துக்கென்றே சொந்தமாகக் கட்டியது. கடன் அழுத்திய காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் போனார்கள். 2005-க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 2014 வரை காத்திருந்தார்கள். வலித்தது, ஆனால் வீடு அவர்களுடையது.

வெஸ்ட் ஹாம் 2023-இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றதே என்பீர்கள். சரிதான். கோப்பையை அணி வெல்லும். கிளப் எங்கே வாழணும் என்பது வேறு கேள்வி. புது ஸ்டேடியம் கட்டலாம், தப்பில்லை. ஆனால் எத்தனை இருக்கை என்பதற்கு முன்னால், கோட்டிலிருந்து முதல் வரிசை எத்தனை அடி என்று கேட்கணும்.