நீருக்கு அடியில்

முதலில் இருந்தது வார்த்தையா, தண்ணீரா? ஒரு தகப்பனாரும் மகனும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து இதைப்பற்றித் தர்க்கம் செய்கிறார்கள். தகப்பனார் பிரெஸ்பிடேரியன் சபைப் போதகர். கையில் கிரேக்க மொழிப் புதிய ஏற்பாடு. யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தவர், நீரோசையைக் கவனித்துக் கேட்டால் அதற்கு அடியில் வார்த்தை இருப்பது தெரியும் என்கிறார். மகன் ஒப்பவில்லை. நீரிலிருந்துதான் வார்த்தை பிறக்கிறது, தம்பியைக் கேட்டால் அவனும் அப்படித்தான் சொல்வான் என்கிறான். தம்பி சற்றுத் தள்ளி ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். அடுத்த கோடைக்குள் அவன் கொல்லப்படப் போகிறான்.

நார்மன் மக்லீன் எழுதிய 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' என்ற குறுநாவலில் வரும் காட்சி இது. வேறு இரண்டு கதைகளோடு சேர்த்து 1976-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் இதை வெளியிட்டது. அதற்கு முன் அந்தப் பதிப்பகம் புதுக் கதை எதையும் வெளியிட்டதில்லை. ஆசிரியருக்கு அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆயுள் முழுவதும் ஆங்கில இலக்கியம் கற்பித்து, ஓய்வு பெற்ற பிறகு கதை எழுத உட்கார்ந்தவர். இலக்கிய வாத்தியார்கள் எழுதும் கதைகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. இதைப் படித்த பிறகு அந்த அபிப்பிராயத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். 1977-இல் புலிட்சர் பரிசுக்கு நடுவர்கள் இதைச் சிபாரிசு செய்தார்கள். வாரியமோ அந்த வருஷம் நாவலுக்குப் பரிசே இல்லை என்று விட்டுவிட்டது. பரிசுகளைப்பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

கதை என்று பார்த்தால் மிகவும் சிறியது. 1937-ஆம் வருஷக் கோடை. அமெரிக்காவின் மேற்கே மான்டானா மாகாணம், பிளாக்ஃபுட் என்ற மலை நதி. போதகருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நார்மன் கதையைச் சொல்கிறவன், கலியாணமானவன், பொறுப்புள்ளவன். இளையவன் பால் பத்திரிகை நிருபன். குடி, சூதாட்டம், அடிதடி எல்லாம் உண்டு. ஆனால் தூண்டிலோடு ஆற்றில் இறங்கிவிட்டால் அவனுக்கு இணை இல்லை. இறகையும் நூலையும் கொண்டு பூச்சி போலக் கட்டிய பொய் இரையை நீர்மேல் வீசி டிரவுட் மீனை ஏமாற்றிப் பிடிப்பது அங்கே ஒரு கலை. சங்கீதம் பயிலுகிறவர்கள் தாளம் தப்பாமல் இருக்க வைத்துக்கொள்ளும் கருவியை வைத்து, நான்கு எண்ணிக்கையில் தூண்டில் வீசப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் தகப்பனார். ஞாயிற்றுக்கிழமை வேத வினா விடை, மற்ற நாட்களில் தூண்டில். அவருக்கு இரண்டும் ஒரே பாடந்தான். மண்புழு டப்பாவோடு ஆற்றுக்கு வருகிற மைத்துனன் ஒருவன் இருக்கிறான். அந்தக் குடும்பத்தில் அது ஏறக்குறைய மதத் துரோகம். அவன் வரும் பக்கங்கள் நல்ல ஹாஸ்யம்.

பாலுக்கு ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. எதைக் கொடுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொடுக்க வந்ததை அவனும் வாங்கிக்கொள்வதாக இல்லை. ஒரு நாள் துப்பாக்கியின் பிடியால் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறான். கை எலும்புகள் நொறுங்கியிருந்தன என்று மூத்தவன் சொன்னதும், எந்தக் கை என்று தகப்பனார் கேட்கிறார். வலது கை. அந்த ஒரு விவரத்தை அவர் நெடுநாள் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை சண்டை போட்டுத்தான் செத்தான் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை. மக்லீனின் தம்பி 1938-இல் சிகாகோவில் உண்மையாகவே கொலையுண்டார். அதை எழுத அண்ணனுக்கு முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் பிடித்தது. கண்ணீர் ஒரு சொட்டுக்கூட வாசகர்களிடம் கேட்டு வாங்காமல் எழுதியிருக்கிறார்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தகப்பனார், மகன் தர்க்கத்தில் வேதம் மகன் பக்கமும் இருக்கிறது. யோவான் வார்த்தையில் ஆரம்பிக்கிறார், வாஸ்தவம். ஆதியாகமத்தை எடுத்துக்கொண்டால், வெளிச்சம் உண்டாகட்டும் என்று கடவுள் வாய் திறப்பதற்கு முன்பே அங்கே ஜலம் இருக்கிறது, ஆவியானவர் அதன்மேல் அசைவாடுகிறார். ஒரே வேதத்துக்கு இரண்டு ஆரம்பங்கள். போதகருக்கு இது தெரியாமல் இராது. ஆனாலும் பிரசங்கம் செய்து பழகியவர்களுக்குத் தண்ணீர் என்றவுடன் அதன் அர்த்தம்தான் முதலில் கண்ணில் படுகிறது. சமாரியப் பெண்ணின் கதையைப் பிரசங்கிகள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவது நிமிஷத்திலேயே ஜீவத்தண்ணீருக்குப் போய்விடுவார்கள். கிணறும் குடமும் அங்கேயே கிடக்கும். வெயிலில் நடந்து களைத்து வந்து கிணற்றடியில் உட்கார்ந்த இயேசு முதலில் கேட்டது சாதாரணக் குடிதண்ணீர். அந்தக் கிணறு யாக்கோபு விட்டுப் போனது, அவரும் அவர் பிள்ளைகளும் ஆடுமாடுகளும் குடித்தது என்று அந்தப் பெண் சொல்கிறாள். முன்னோர் விட்டுச் சென்ற நீரைப்பற்றிய அந்தப் பேச்சைப் பிரசங்கிகள் காதில் போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

மக்லீன் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. அவருடைய நதி முதலில் நதி. பாறை, நுரை, சுழிப்பு, மீன் ஒதுங்கும் நிழல், கானல் எல்லாம் இருக்கின்றன. அப்புறந்தான் அது வேறு எதுவாகவும் ஆகிறது. இந்த நாவலின் பலமே இதுதான் என்று நினைக்கிறேன். எனக்குள்ள தகராறும் இதே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

போதகர் நீருக்கு அடியில் வார்த்தை இருப்பதாகக் கேட்டார். அந்த நீருக்கு அடியில் வேறு என்ன இருந்தது? பிளாக்ஃபுட் நதி கிளார்க் ஃபோர்க் நதியோடு கலக்கும் இடத்தில் 1908-இல் மில்டவுன் அணையைக் கட்டினார்கள். அந்த வருஷமே பெருவெள்ளம் வந்தது. மேலே பியூட் என்ற ஊரைச் சுற்றியிருந்த தாமிரச் சுரங்கங்களின் கழிவு கிளார்க் ஃபோர்க் வழியாக அடித்துவரப்பட்டு அணைக்குப் பின்னால் சேறாகப் படிந்தது. அந்தச் சேற்றில் ஆர்சனிக் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் பாஷாணம் என்பார்களே, அதுதான். 1981-இல் மில்டவுன் கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தபோது விஷயம் வெளிப்பட்டது. போதகர் ஊழியம் செய்த மிஸூலா நகரம் அங்கிருந்து சில மைல் தூரம்தான். கதை நடக்கும் 1937-இல் அந்தச் சேற்றுக்கு வயது இருபத்தொன்பது.

நதியின் தலைமாட்டிலும் இதே கதை. அங்கே மைக் ஹார்ஸ் என்ற பழைய சுரங்கம் ஒன்று. தாதுவைப் பிரித்தபின் எஞ்சும் கழிவைத் தேக்கியிருந்த கரை 1975 ஜூனில் உடைந்தது. ஈயமும் துத்தநாகமும் காட்மியமும் கலந்த சேறு ஆற்றில் இறங்கியது, மீன்கள் செத்தன. புத்தகம் வெளிவந்தது அதற்கு அடுத்த வருஷம்.

நாவலாசிரியன் சுகாதார அதிகாரி அல்ல. அவன் எழுதாததைச் சொல்லிக் குற்றம் சாட்டுவது விமர்சனமும் அல்ல. இப்சன் 1882-இல் எழுதிய 'மக்கள் பகைவன்' நாடகத்தில் ஊர் நீரூற்று கெட்டுவிட்டது என்று டாக்டர் ஒருவர் கூச்சல் போடுகிறார். அது வேறு வகை எழுத்து. மக்லீனிடம் போய் அந்த டாக்டர் எங்கே என்று கேட்டால் அவர் சிரிப்பார். நான் கேட்பது வேறு. கதை தானே ஒரு நம்பிக்கையை முன்வைக்கிறது. அந்த நம்பிக்கை நதிக்குப் பொருந்துகிறதா?

பாலின் சாவைப்பற்றி இனித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று ஆனபிறகு, ஒருவனை முழுக்கப் புரிந்துகொள்ளாமலே முழுக்க நேசிக்க முடியும் என்ற முடிவுக்கு அண்ணன் வருகிறான். தாம் அறிந்ததும் பிரசங்கித்ததும் அதுதான் என்கிறார் தகப்பனார். சகோதரன் விஷயத்தில் இதைப் போன்ற ஆறுதல் வேறு இல்லை. குடித்து அழிந்த ஒருவரை வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்கத் தோன்றும். ஆனால் தண்ணீரை அப்படி நேசித்தால் போதாது. நீரில் கலந்த ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை. எத்தனை பக்தியோடு கரையில் உட்கார்ந்து காது கொடுத்தாலும் அது கேட்காது. குப்பியில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதனை செய்தால்தான் தெரியும். அந்த நதியைப் போதகரைப்போல நேசித்தவர் வேறு யார் இருந்திருக்க முடியும்? அவருக்கும் தெரியவில்லை.

காயீன் தன் தம்பியைப்பற்றிக் கடவுள் கேட்டபோது, நான் அவனுக்குக் காவலாளியா என்று திருப்பிக் கேட்டவன். அந்தக் கேள்வி இந்தக் கதை முழுவதும் ஓடுகிறது. மலையிடுக்கில் தனியாக மீன் பிடித்துக்கொண்டிருக்கும் அண்ணன், தம்பிக்குக் காவலாக இருக்கத் துடிக்கும் அந்தப் பழைய உணர்ச்சியைப்பற்றி யோசிக்கிறான். அது பயனற்றதாக இருக்கலாம், ஆனாலும் விடமாட்டேன் என்கிறது. இதில் மக்லீன் தொடாமல் விட்ட ஒன்று உண்டு. காயீன் சொன்ன அந்தச் சொல், ஆதியாகமத்தில் இரண்டு அதிகாரங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஆதாமைத் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று இருக்கிறது. எபிரேய மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர்ச்சொல். நம் தமிழ் வேதாகமத்திலும் அப்படியே அமைந்திருக்கிறது, ஒரு இடத்தில் காக்க, மற்றதில் காவலாளி. அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு நதியும் இருந்தது, அது நான்காகப் பிரிந்து ஓடியது. தம்பிக்குக் காவல் இருப்பதற்கு முன்பே மனிதனுக்கு இந்தக் காவல் வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அசிசி பிரான்சிஸ் தண்ணீரைச் சகோதரி என்று அழைத்தபோது இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

பிளாக்ஃபுட்டின் நீர் கடைசியில் கொலம்பியா நதிக்குப் போகிறது. கொலம்பியா வடிநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க, கனடா கத்தோலிக்க ஆயர்கள் 2001-இல் அந்த நதியைப்பற்றியே ஒரு ஆயர் மடல் வெளியிட்டார்கள். நான்கு பகுதிகள், கடைசிப் பகுதியின் தலைப்பிலேயே பொறுப்பு என்ற சொல் இருக்கிறது. போப் பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' சுற்றுமடல், சுரங்கங்களும் ஆலைகளும் நிலத்தடி நீரைக் கெடுப்பதை எடுத்துக் கூறி, சுத்தமான குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்கிறது. கடமையை இவர்கள் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறார்கள். ஆனால் ஆயர் மடல் குழுவாக உட்கார்ந்து எழுதிய உரைநடை. படித்து முடித்தபின் ஒரு கூழாங்கல்கூட மனத்தில் நிற்பதில்லை. மக்லீனிடம் கல் இருக்கிறது, கடமை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மறுமுறை எடுத்துப் படித்தது மக்லீனைத்தான், மனச்சாட்சி சற்றே உறுத்த.

1998-இல் மான்டானா வாக்காளர்கள், சயனைடு ஊற்றித் தங்கம் பிரிக்கும் புதிய திறந்தவெளிச் சுரங்கங்களுக்குத் தடை போட்டார்கள். அப்படி ஒரு சுரங்கம் அப்போது பிளாக்ஃபுட்டின் மேல்பகுதிக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. 2008 மார்ச்சில் மில்டவுன் அணையை உடைத்துவிட்டார்கள். ராபர்ட் ரெட்ஃபோர்டு 1992-இல் எடுத்த படம் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கார் வாங்கியது. அதில் பிளாக்ஃபுட்டாக நடிப்பவை பெரும்பாலும் வேறு நதிகள்.

இதைத் தமிழில் மொழிபெயர்க்கிறவர் யாரானாலும் தூண்டில் சொற்களுக்கு நம் ஆற்றோர மீன்காரர்களிடம் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும், அகராதி உதவாது. மலையிடுக்கில் அண்ணன் தம்பியை நினைக்கும் இடத்தில் மட்டும் 'பாதுகாவலன்', 'பாதுகாப்பாளன்' என்றெல்லாம் போடாமல் காவலாளி என்றே போடட்டும்.